எம்.சி.பி.க்கு மூக்கு கிடையாது

முதலில் வந்தது வாடைதான். மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் வரும், வெயில் ஏறுவதற்குள் காணாமல் போய்விடும். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று பரண், கட்டிலடி, அலமாரிக்குப் பின்பக்கம் என மூன்று நாள் தேடினோம். அம்மா குளியலறைச் சாக்கடைத் துளையில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தார். வாடை போகவில்லை.

நான்காம் நாள் ஹீட்டரை அணைக்கப் போனபோது விரல் சுட்டது. சுவிட்ச் சூடாக இருந்தது. பக்கத்தில் பிளக் செருகியிருந்த சாக்கெட்டின் வெள்ளை முகம் வலது ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. மூக்கை அருகில் கொண்டுபோனேன். நாங்கள் தேடிய எலி அங்கேதான் இருந்தது. சுவிட்ச், சாக்கெட் செய்கிற பிளாஸ்டிக்கில் சில வகைகள் கருகுவதற்கு முன்னால் இப்படித்தான் மீன் வாடை அடிக்குமாம். இது முன்பே தெரிந்திருந்தால் மூன்று நாள் பரணைக் கிளறியிருக்க மாட்டோம். உங்கள் வீட்டில் காரணம் தெரியாத மீன் வாடை அடித்தால், முதலில் சுவிட்ச் போர்டுகளை முகர்ந்து பாருங்கள்.

வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் மெயினை அணைத்தார். டெஸ்டரை நேராக இந்தச் சாக்கெட்டில் வைக்கவில்லை. அணைப்பதற்கு முன்பே வேறொரு சாக்கெட்டில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் இதில் வைத்தார். செத்த டெஸ்டரும் எரியாது, செத்த ஒயரிலும் டெஸ்டர் எரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே. நான் இத்தனை வருஷம் அப்படிச் செய்ததே இல்லை. எனக்குச் சந்தேகம் எம்.சி.பி. மேல், கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அறுத்துவிடுகிற சுவிட்ச் அது.

"ஏண்ணே, இவ்வளவு சூடாகியிருக்கு, எம்.சி.பி. ஏன் விழல?"

"எம்.சி.பி.க்கு மூக்கு கிடையாது தம்பி. அதுக்கு ஆம்பியர் மட்டும்தான் தெரியும்."

சாக்கெட்டைக் கழற்றி ஃபேஸ் ஒயரை இரண்டு விரலால் இழுத்தார். ஸ்க்ரூவைத் தளர்த்தாமலே அது கையோடு வந்துவிட்டது. நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுக்கு யாரு ஈயம் வச்சது?" என்றார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஈயம் வைத்தது நான்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாக்கெட்டை மாற்றியது நானே. கல்லூரி நாட்களில் ரேடியோ கிட் செய்து பழகியதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று வீட்டில் உண்டு. பல இழை ஒயரின் நுனி விசிறி மாதிரி விரிந்து, சாக்கெட்டின் துளைக்குள் போகாமல் அடம்பிடித்தது. முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ஊசி மாதிரி ஆக்கிச் செருகி ஸ்க்ரூவை முடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எந்த எலக்ட்ரீஷியனும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ய மாட்டார் என்று அப்போது பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

ஈயக் கலவை மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூ அதை அழுத்திக்கொண்டே இருந்தால், மாதக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாமல் பிதுங்கி விலகும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. இன்று இறுக்கமாக இருக்கிற ஸ்க்ரூ, யாரும் தொடாமலே அடுத்த வருஷம் தளர்ந்திருக்கும். சர்க்யூட் போர்டில் ஈயம் சரி. ஸ்க்ரூவுக்கு அடியில் போகிற ஒயர் நுனியில் கூடாது. வெறும் செம்பு இழைகளை நன்றாக முறுக்கி, இரண்டாக மடித்துச் செருக வேண்டும். இல்லையென்றால் நுனிக்கு லக் எனும் சின்ன உலோகக் குழலைப் போட்டு நசுக்க வேண்டும். இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்த விலை ஒரு சாக்கெட், ஒரு பிளக், ஒரு முழம் ஒயர். மலிவாகத் தப்பித்தேன்.

ஆனால் அண்ணன் சொன்ன மூக்கு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அன்று இரவு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்தது எல்லாம்தான். ஆனால் கருகின சாக்கெட்டை மேஜையில் வைத்துக்கொண்டு படிப்பது வேறு.

ஹீட்டர் 2000 வாட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 8.7. என் எம்.சி.பி. 16 ஆம்பியர். ஆக, அதன் கண்ணில் எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை உருவாகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் எழும் வெப்பம், ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும். ஜூல் 1841இல் எழுதிய விதி இது. 8.7ஐ 8.7ஆல் பெருக்கி, அதில் பாதி: 38 வாட்.

38 வாட் என்றால் எவ்வளவு? என் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதன் முனை ஈயத்தை உருக்குகிறது. அதைவிட அதிக வாட் கக்குகிற ஒரு முனையை, பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள், தினமும் காலையில் ஒரு மணி நேரம் நானே செருகி வைத்திருந்திருக்கிறேன்.

அந்த அரை ஓம் ஹீட்டரிடமிருந்து சாப்பிட்டது நாலரை வோல்ட்கூட இல்லை. தண்ணீர் எப்போதும்போல் சுட்டது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. மீட்டரும் எம்.சி.பி.யும் ஹீட்டரும் திருப்தியாக இருந்த அந்த வீட்டில், சாக்கெட் மட்டும் வெந்துகொண்டிருந்தது. அதோடு, சூடான செம்பு கறுத்துத் துரு ஏறும். துரு ஏறினால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். ஒவ்வொரு நாளும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்குவதில் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் தளரும். தானாகச் சரியாகிற கோளாறு இல்லை இது.

120 வோல்ட் நாட்டில் இருப்பவர்கள் நிம்மதிப்பட வேண்டாம். வோல்ட் குறைந்தால் அதே 2000 வாட்டுக்கு ஆம்பியர் கூடும், கிட்டத்தட்ட 17. அதே அரை ஓம் அங்கே 139 வாட் சூட்டைக் கக்கும். ஷாக் பயம் அங்கே குறைவு, லூஸ் கனெக்‌ஷன் பயம் அதிகம்.

எம்.சி.பி.யை நான் அதுவரை வீட்டுக் காவல்காரன் மாதிரி நினைத்திருந்தேன். அது காப்பது ஒயரை. உள்ளே இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று, இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. கூடுதல் கரண்ட் ஓடினால் மெதுவாகச் சூடாகி, வளைந்து, தட்டிவிடும். இன்னொன்று சுருள். ஷார்ட் ஆகிக் கரண்ட் பாய்ந்தால் காந்தமாகிக் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 16ஐத் தாண்டியதும் விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீட்டு எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரத்தின்படி, 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக்கூடாது. 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். சுருள் வேலை செய்ய, 'சி' வகையில் 80லிருந்து 160 ஆம்பியர் வரை பாய வேண்டும்.

இது தெரிந்தால் கோளாறு பிடிப்பது பாதி சுலபம். தூக்கிவிட்ட அடுத்த நொடியே 'டப்'பென்று விழுந்தால் ஷார்ட். பத்து, இருபது நிமிஷம் ஓடி விழுந்தால் சுமை அதிகம். முதல் வகையில், அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வர வேண்டும். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் ஆள். எதையும் செருகாமலே விழுந்தால் கோளாறு சுவருக்குள். மேலே தூக்கித் தூக்கிப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டாம் வகையில் பலரும் செய்வது, 16ஐக் கழற்றிவிட்டு 32 போடுவது. விழுவது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் சுவருக்குள் போகிற ஒயர் அதே பழைய ரெண்டரை ஸ்கொயராகவே (2.5 சதுர மில்லிமீட்டர் பருமன்) இருக்கும். ஒயரின் பருமனுக்குத்தான் எம்.சி.பி., நம் பொறுமைக்கு இல்லை.

சரி, நியூட்ரலுக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப நாள் இருந்த தப்பான எண்ணம், ஃபேஸில் கரண்ட் வரும், நியூட்ரலில் ஒன்றும் இருக்காது என்பது. டெஸ்டர் அப்படித்தானே சொல்கிறது? ஃபேஸில் எரிகிறது, நியூட்ரலில் எரியவில்லை.

தண்ணீர்க் குழாய் உதாரணம் இங்கே காலை வாரிவிடும். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். ஒயரை வெட்டினால் ஒன்றும் கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். எனக்கு உதவியது சைக்கிள் செயின். பெடலை மிதித்த உடனே பின் சக்கரம் சுற்றும், அந்த இடத்துக் கண்ணி இந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்காது. ஒயரிலும் அதுதான். என் ஹீட்டர் ஒயரில் எலக்ட்ரான்கள் நகர்வது வினாடிக்குக் கால் மில்லிமீட்டர் அளவில், அதுவும் முன்னும் பின்னுமாக. ஆனால் செயின் முழுக்கச் சேர்ந்து அசைவதால் சுவிட்சைத் தட்டியதும் பல்பு எரிகிறது. செயினின் மேல் பாதி ஃபேஸ், கீழ்ப் பாதி நியூட்ரல். மேலே 8.7 ஆம்பியர் போனால் கீழேயும் அதே 8.7. நியூட்ரலைத் தரையோடு இணைத்து வைத்திருப்பதால் அதற்கும் தரைக்கும் வோல்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. டெஸ்டர் பார்ப்பது அந்த வித்தியாசத்தை. கரண்ட் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இது புரிய எனக்கு ஒரு இரவு தேவைப்பட்டது. வீடு முழுக்க விளக்கு போய்விட்டது. எம்.சி.பி. எதுவும் விழவில்லை. டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரிகிறது! இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பதறி அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்க, எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் வச்சுப் பாருங்க தம்பி."

வைத்தேன். ஒரு துளையில் மட்டும் எரிந்தது.

"ரிட்டர்ன் வருது. நியூட்ரல் கட். மெயினை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க, காலையில வரேன்."

நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தது. ஃபேஸ் ஃபிரிட்ஜ் வழியாக நுழைந்து, நியூட்ரலில் வந்து, போக வழியில்லாமல் நின்றது. அதைத்தான் அவர்கள் ரிட்டர்ன் என்கிறார்கள். கறுப்பு ஒயர்தானே, நீல ஒயர்தானே என்று அந்த நேரத்தில் தொட்டவருக்கு முழு ஷாக் காத்திருக்கும். காலையில் பெட்டியைத் திறந்து காட்டினார். நியூட்ரல் பட்டையில் ஒரு ஸ்க்ரூ, சுற்றிலும் கறுப்பு. மறுபடியும் லூஸ். இந்த முறை நான் செய்தது இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மூன்று ஃபேஸ் வரும் வீடுகளில் இதே கோளாறு இன்னும் பொல்லாதது. பொது நியூட்ரல் விட்டுப்போனால், ஒரு அறையில் விளக்கு மங்கும், இன்னொரு அறையில் கண் கூசும். கண் கூசுகிற பக்கத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, 400ஐ நெருங்கலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போவது இப்படித்தான். விளக்கு அப்படி எரிவதைப் பார்த்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, மெயினை அணைக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஷாக். வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள் என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. யாரோ ஃபேஸும் நியூட்ரலும் இழுத்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மாதிரி மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்ட, சின்னக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்கு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பேசாமல் இறங்கிவிடும். இல்லையென்றால் உடம்பு பாதி வோல்ட்டில், 115 அளவில், மிதக்கும். கசிவு மிகச் சிறியது, அதனால் சுருக்கோடு போயிற்று. ஆனால் அதே எர்த் இல்லாத மெஷினில் ஒரு நாள் உள்ளே ஃபேஸ் ஒயர் உரசி உடம்பைத் தொட்டிருந்தால், ஈரக் கையோடு நிற்கும் அம்மாதான் எர்த். ஈர உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால் 230 மில்லி ஆம்பியர். பிடித்ததை விட முடியாமல் தசை இறுகுவதற்கு 10 மில்லி ஆம்பியரே போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதெல்லாம் தூசு.

எர்த் போட்டாயிற்று, எம்.சி.பி. இருக்கிறது, போதாதா என்று கேட்டேன். அண்ணன் கணக்கைக் கையால் காற்றில் எழுதிக் காட்டினார். எர்த் வெறும் மண்ணில் புதைத்த கம்பி மட்டும்தான், மண்ணின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். ஃபேஸ் மெஷினின் உடம்பைத் தொட்டு, பதினொன்றரை ஆம்பியர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. மெஷினின் உடம்பு ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த இடத்தைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு தானியங்கி சுவிட்ச். அதன் வேலை எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே வளையத்துக்குள் விட்டு, போனதும் வந்ததும் சமமா என்று பார்க்கிறது. சைக்கிள் செயினின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே வேகமா என்று பார்ப்பதுதான். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு எங்கேயோ கசிகிறது, யார் வழியாகவோ போகிறது என்று பொருள். உடனே அறுத்துவிடும், 0.3 வினாடிக்குள். எம்.சி.பி.யின் 16 ஆம்பியரோடு ஒப்பிட்டால் இது ஐந்நூறு மடங்குக்கு மேல் நுட்பமான காது. ஆனால் அதற்கும் மூக்கு இல்லை. என் ஈயம் வைத்த சாக்கெட்டில் போனதும் வந்ததும் சமமாகத்தானே இருந்தது? ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, தரையோடு தொடர்பில்லாமல் மர நாற்காலிமேல் நின்றாலும் அதற்குத் தெரியாது. நீங்களும் ஒரு ஹீட்டர்தான் அதன் கணக்கில்.

எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்தது. ஏழு வருஷம் யாரும் அதைத் தொட்டதில்லை. அன்று அண்ணன் அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அழுத்தி அமுக்கினார். ஒன்றுமில்லை. உள்ளே இறுகிப்போய்விட்டது. ஏழு வருஷமாகப் பெட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றே மாற்றினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்குகிறேன். வீடு இருண்டு, கடிகாரங்கள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி, எல்லோரும் திட்டுவார்கள். அது பரவாயில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி நிறைய எழுதலாம், இரண்டு விஷயம் மட்டும். ஐந்து சாக்கெட் இருப்பதால் அது ஐந்து பேரைத் தாங்காது, பின்னால் இருக்கிற ஒயர் ஒன்றுதான். அப்புறம், சுருட்டி வைத்த நிலையில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எதையும் ஓட்டாதீர்கள். ஒயரின் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தங்கும்.

சாக்கெட் மாற்றுவதை நான் இன்னும் நானே செய்கிறேன். டெஸ்டரை எரியும் இடத்தில் சோதித்து, மெயினை அணைத்து, அப்புறம் வைத்துப் பார்த்து, ஒயரின் தோலைத் தேவையான அளவு மட்டும் உரித்து, தோல் ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டாமல் பார்த்து, முடுக்கியபின் இழுத்துப் பார்த்து. இந்த இழுத்துப் பார்ப்பது முக்கியம். மீட்டர், மெயின் பெட்டி, எர்த் குழி பக்கம் போவதில்லை, அது அண்ணன் வேலை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேலே வருகிற ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அண்ணன் வெட்டி எறிந்த அந்த ஈய நுனியைக் குப்பையிலிருந்து எடுத்து, சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் டப்பாவிலேயே போட்டிருக்கிறேன். வெள்ளியாகப் பளபளத்தது, இப்போது ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, மறுபக்கம் கரி.

ஹீட்டர் போட்டு அரை மணி நேரம் ஆனதும் சுவிட்ச் போர்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சீக்கிரம் தெரியும். லேசான வெதுவெதுப்பு இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட வேண்டும். நேற்று வைத்துக்கொண்டு நின்றபோது அம்மா துண்டோடு கடந்து போனார்.

"என்னடா, இன்னைக்கு ஜுரம் இருக்கா?"

"இல்லம்மா. நீங்க போய்க் குளிங்க."